செக் அண்ணையின் தடைச் சொற்கள்

கடவுச்சீட்டைத் தேடி என் மேசை இழுப்பறையைக் கிளறிய மகளின் கையில் அந்தத் தாள் அகப்பட்டது. இடப்பக்கம் என் கையெழுத்தில் ஆங்கிலச் சொற்கள். நடுவில் வேறொருவரின் சாய்ந்த எழுத்தில் செக் மொழிச் சொற்கள். வலப்பக்கம் பேனையால் கீறிய சின்னச் சின்னப் படங்கள். நான் எப்போது செக் படித்தேன் என்று டேனிஷில் கேட்டாள். "கொஞ்ச நாள், வேலையிடத்திலை" என்றேன். அவள் தாளை மேலிருந்து கீழே படித்துவிட்டுச் சிரித்தாள். "என்னப்பா, வணக்கம் இல்லை, நன்றி இல்லை, எல்லாம் அடைப்பும் தடையுமாய்க் கிடக்கு? இதை வைச்சு ஆரோடை கதைச்சனீங்கள்?" இதை மட்டும் தமிழில் கேட்டாள். நான் தாளைப் பறித்த வேகம் அவளுக்கு விளங்கியிருக்காது. கோபம் அவள் மேல் இல்லை.

டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு வெளியே ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். அந்தத் தாளை எழுதிய காலத்தில் நான் மட்டைப்பெட்டி மடிக்கும் லைனுக்குத் தலைவன். வேறு தேசத்திலிருந்து வாங்கிய பழைய இயந்திரம் அது. டேனிஷில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், மாற்றவில்லை. ஆகவே எங்கே பிழை என்பதைத் திரையில் ஆங்கிலத்தில்தான் சொல்லும். நாங்கள் தமிழர் எட்டுப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தோம். எங்களுக்கு எல்லாப் பிழையும் ஒன்றுதான், "அடைச்சுப்போச்சு". இயந்திரத்துக்கு அப்படி இல்லை. பசைக் குழாய் அடைத்தால் ஒரு சொல், மட்டை சிக்கினால் ஒரு சொல், மின்கண்ணை ஏதாவது மறைத்தால் ஒரு சொல், பெட்டிகளை வெளியே கொண்டுபோகும் ஓடுபட்டியில் அவை நெரிந்தால் இன்னொரு சொல்.

அந்தச் சாய்ந்த எழுத்துக்குரிய மனிதர் செக் நாட்டிலிருந்து, ஆள் அனுப்பும் முகவர் ஒருவர் மூலம் எங்கள் லைனுக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட. தன் ஊரில் உழவு இயந்திரங்கள் திருத்தியவர். ஆங்கிலம் இல்லை, டேனிஷ் இல்லை, அரைகுறை ஜேர்மன் மட்டும். திரையில் எழுத்து வந்ததும் இயந்திரத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். "ஷெஃபே?" என்பார். அவர்கள் பாஷையில் முதலாளியைக் கூப்பிடுகிற விதமாம். எங்கள் பொடியள் அவருக்குச் செக் அண்ணை என்று பேர் வைத்தார்கள். மூன்றாம் நாளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைத்தொலைபேசி அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் அந்தத் தாளை எழுதினோம். பசைக் குழாய் அடைப்புக்கு நான் 'குளொக்ட்' என்று எழுதினால் அவர் 'உட்ஸ்பனீ' என்று எழுதுவார். மின்கண் மறைப்புக்கு 'ஒப்ஸ்ட்ரக்சன்' என்று எழுதினேன்; 'ப்ர்ஷெகாஷ்கா' என்றார். அந்த நடு எழுத்து என் நாக்கில் ஏறவே இல்லை. என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்து, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பட்டியில் பெட்டி நெரிவதற்கு 'ஸாட்ஸ்பா' என்று எழுதிவிட்டு, தெருவில் வாகனங்கள் நெரிவதற்கும் இதுதான் என்று கையால் காட்டினார். பிறகு வயிற்றைப் பிடித்து முகத்தைச் சுளித்து, மலச்சிக்கலுக்கும் அதே சொல்தான் என்றும் காட்டினார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டேனிஷ் பெண்கள் எழும்பிப் போய்விட்டார்கள். இந்த நாட்டில் ஒரு மனிதனோடு அப்படி வயிறு நோகச் சிரித்த நாட்கள் எனக்கு அதிகம் இல்லை.

வலப்பக்கத்தில் படங்கள் போட்டது நான். ஒவ்வொரு பிழைக்கும் என்ன செய்யவேண்டும் என்பதற்கு. சட்டம் சுவரில் டேனிஷில் தொங்கியது: சாவியால் நிறுத்து, திருத்துநரைக் கூப்பிடு, வரும்வரை காத்திரு. எங்கள் ஆட்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. திருத்துநர் வரக் கால் மணித்தியாலம் ஆகும், அதற்குள் மண்டபத்துக் கணக்குப் பலகையில் எங்கள் லைனுக்குச் சிவப்பு அடையாளம் விழும். தமிழன் நின்றால் லைன் நிற்காது என்று மேலாளர் ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த ஒரு வசனத்தைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நோயென்று வீட்டில் நின்றதில்லை. சிக்கிய மட்டையைக் கையால் இழுத்தெடுக்க இயந்திரத்தின் கதவைத் திறந்தால் அது தானாக நிற்கும் என்பதால், கதவுச் சுவிச்சில் ஒரு காந்தத்தை ஒட்டி, கதவு மூடியிருக்கிறது என்று அதை நம்பவைத்தோம். அந்தக் காந்தம் தமிழ்க் கடையில் வருடப்பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்தது, முன்பக்கம் பிள்ளையார் படம், பின்பக்கத்தில் நல்ல வலுவான காந்தத் துண்டொன்றை நான்தான் ஒட்டியிருந்தேன். விக்கினம் தீர்க்கிறவர் என்று பகிடி வேறு விட்டுக்கொள்வோம். மட்டை சிக்குகிற இடத்துக்கு நேரே, 'ஜாம்' என்ற சொல்லின் வரிசையில், தும்பிக்கையோடு ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் ஒரு கையும் கீறினேன்: காந்தத்தை வை, கையை விட்டு எடு. செக் அண்ணை அதைப் பார்த்துச் சுவரில் தொங்கிய சட்டத்தைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். "ஓம் அண்ணை, பயப்பிடாதேங்கோ. நாங்கள் இப்பிடித்தான்." தாளை இயந்திரத்தின் மூடியில் ஒட்டினோம்.

ஏழு மாதம் கழித்து ஒரு முற்பகல். வாராந்தக் கூட்டத்தில் நான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆகக் குறைந்த தடவை நின்ற லைன் எங்களுடையதுதான் என்று மேலாளர் சொல்லி, என் முதுகில் தட்டினார், ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்தான் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது யாரோ இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். மடிக்கும் கரம் செக் அண்ணையின் வலக்கையின் மேல் இறங்கியிருந்தது. அவர் கத்தியது ஒரே தடவைதான். பிறகு இடக்கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நின்றார். அதில் 'ஜாம்' என்ற அந்தச் சொல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

அவரை அம்புலன்ஸில் ஏற்றியதும் மண்டபத்தைக் காலியாக்கச் சொன்னார்கள். லைன் தலைவன் என்பதால் கடைசியாக வெளியே வந்தவன் நான். வருவதற்கு முன் தாளைக் கிழித்தெடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். காந்தத்தையும் எடுத்தேன். மற்ற ஏழு பேரின் வேலையையும் நினைத்துத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பச்சைப் பொய். என் பெயரை நினைத்துத்தான் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப் பழத்தோடு போனேன். கை முழுக்கக் கட்டு. மூன்று விரல்கள் இனி மடங்காது என்று தாதி டேனிஷில் சொன்னதை எப்படி அவருக்குச் சொல்வது என்று தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. "லைன்? குட்?" என்று கேட்டார். குட் என்றேன். தாளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு மனிதனுடைய கை போய்க் கிடக்கிறது, எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். காப்புறுதி ஏதோ கொடுத்ததாம், தொழிற்சாலை கையைக் கழுவியது. அதற்குப் பிறகு எந்த முகவரும் அவரைச் சேர்க்கவில்லை. பேருந்தில் ஊருக்குத் திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். வழியனுப்ப நான் போகவில்லை, அன்று எனக்கு வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான்தான் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரதிநிதி. தொழிலாளர்களே வாக்களித்துத் தெரிந்தெடுத்தார்கள். புதிதாக வருகிற ரூமேனியருக்கும் உக்ரேனியருக்கும், முதலில் சாவியால் நிறுத்து என்று நான் வகுப்பெடுக்கிறேன். பழைய இயந்திரத்தை அகற்றப்போவதாக அறிவித்தபோது, அதன் விபத்துக் கோப்பை அலுமாரியில் தேடி எடுத்தேன். மகள் தாளைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த கிழமை அது. அந்தத் தாள் மனதைக் கிளறாமல் இருந்திருந்தால் கோப்பைத் திறந்தே பார்த்திருக்கமாட்டேன்.

உள்ளே செக் அண்ணையின் வாக்குமூலம் இருந்தது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து எடுத்தது. கதவு திறந்திருக்க இயந்திரம் எப்படி ஓடியது என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து காந்தம் கொண்டுவந்தேன், பிறகு எறிந்துவிட்டேன் என்றிருக்கிறார். மூடியில் ஒட்டுநாடாத் துண்டுகள் இருக்கின்றனவே, என்ன தாள் அங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நாட்காட்டி என்றிருக்கிறார்.

நான் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு அன்புதான் காரணம் என்று எழுத ஆசை. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இருந்தது என்னுடைய வாக்குமூலம், என் கையொப்பத்தோடு, அவருடையதற்கு நாலு நாள் முந்தியது. விதியைப் பற்றி அவரைப் பலமுறை எச்சரித்திருக்கிறேன், அவர் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தாளை எடுத்தது எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருந்தது. இதைச் சொன்னதை மறந்துவிட்டிருந்தேன். மறந்தேனா, மறக்க வைத்தேனா தெரியாது.

திரும்ப அவருடைய பக்கத்துக்குப் போனேன். கடைசிக் கேள்வியை முதல் தடவை சரியாகப் படிக்கவில்லை. என் வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். உன் லைன் தலைவர் உன்னைப் பலமுறை எச்சரித்தாராம், உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு நேரே ஒரே ஒரு சொல் தட்டச்சாகி இருந்தது: ஆம்.

தாளையும் நடந்ததையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி மூன்று கிழமையாகிறது. இன்று காலையும் புதிய ஆட்கள் நாலு பேருக்கு வகுப்பெடுத்தேன். நன்றாக விளங்கப்படுத்துகிறேன் என்று மேலாளர் சொன்னார். கடிதம் பையில்தான் இருந்தது.