கையில் இடறிய பசைப் பொட்டுகள்

1. துடைத்த நாள்

அன்று காலை கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லாவில் முதலாளி ரேணுகா அக்கா. உள் மேசையில் சால்டரிங் வேலை பார்க்கும் பாஷா பாய். வாசல் ஓர மேசையில் நான். நான்காவது ஆள், கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த சரளா. கிட்டார் பெடல்களைக் கொண்டுவந்தவர் அவர். அவற்றின் சொந்தக்காரர், அவர் கணவர் சம்பத், அன்று வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு மேடை போயிருக்காது.

எங்கள் கடை ஓசூர் பக்கம் ஜூஜுவாடியில் இருக்கிறது. கிட்டார், கீபோர்டு, ஆம்ப் சர்வீஸ். பெடல் என்பது காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்ன உலோகப் பெட்டி. மேலே இரண்டு மூன்று குமிழ்கள் இருக்கும். மேடையில் சிந்தும் காபி, செருப்பு மண், வேர்வை எல்லாம் அதன் மேல்தான் படியும். அதைத் துடைப்பது என் வேலை.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் ஓசூரில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் பர் எடுத்தேன். வார்த்தெடுத்த பாகத்தின் ஓரங்களில் நிற்கும் பிசிறுக்குத்தான் பர் என்று பெயர். "கண்ண மூடிட்டு தடவிப் பாரும்மா. எடறுச்சுன்னா ரிஜெக்ட்டு" என்பார் சூப்பர்வைசர். ரிஜெக்ட் ஆனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பயம் விரலிலேயே தங்கிவிட்டது.

சரளா பையிலிருந்து மூன்று பெடல்களை எடுத்து வைத்தார்.

"ஒரே பிசுக்கா கெடக்குதுங்க. சாயந்திரம் ரிசப்ஷன்ல அவரு வாசிக்கணும். மத்தியானத்துக்குள்ள குடுத்துருவீங்களா?"

பேட்டரியைக் கழற்றினேன். வயர் சொருகும் ஓட்டைகளில் டேப் ஒட்டினேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும். தண்ணீரைப் பெட்டியின் மேல் ஊற்றக் கூடாது. தின்னர் பட்டால் எழுத்து அழிந்துவிடும். எழுத்து அழியக் கூடாது, எழுத்து அழியக் கூடாது என்று அதே கவலையாக இருந்தேன்.

குமிழ்களைச் சுற்றி மிளகு அளவில் கெட்டிப் பசைப் பொட்டுகள் இருந்தன. ஒரு இடத்தில் ஒன்று, ஒரு இடத்தில் இரண்டு. கையில் இடறின. பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டினேன். நீலகிரித் தைலம் தொட்டு, தடம்கூட இல்லாமல் துடைத்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். எதுவும் இடறவில்லை.

"புதுசு மாரி ஆக்கிட்டியேம்மா" என்றார் பாஷா பாய். சரளா பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

2. அவர் வந்த நாள்

மறுநாள் பதினொரு மணிக்குச் சரளா திரும்பி வந்தார். அவர் தோளில் கை வைத்தபடி பின்னால் சம்பத் வந்தார். படியை அவர் காலால் தேடியபோதுதான் அவருக்குப் பார்வை இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

"தொடச்சது யாருங்க?"

பேசாதே என்று ரேணுகா அக்கா எனக்கு ஜாடை காட்டினார். "ஏன் சார், வேல செய்யலியா?"

"செய்யுது. பொட்டுதான் காணோம். குமுழச் சுத்தி நான் வெச்ச பசப் பொட்டு. ஒரு பொட்டுக்கு நேரா திருப்புனா மெலடி. ரெண்டு பொட்டுன்னா குத்துப்பாட்டு. தடவித் தடவித்தான் திருப்புவேன்."

"டெலிவரி எடுத்தப்பறம் வந்து சொன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்றார் அக்கா.

"நான்தாங்ணா தொடச்சேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்ன எங்கம்மா வேல பாத்த?"

"கம்பெனிலங்ணா. பர் எடுக்கற வேல."

"அதான பாத்தேன். ஒரு எடத்துல கூட வெரலு நிக்கல. சரளா, நம்ம ஊட்டுப் பாத்திரத்தையும் இங்கயே குடுத்துரலாம்."

பாஷா பாய் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

"நான் சொல்லியிருக்கணும். பஸ்ஸு போயிருமேன்னு ஓடிட்டேன்" என்றார் சரளா.

"நேத்து ரிசப்ஷன்ல மெதுவான பாட்டு. கிட்டாரு தனியா வர்ற எடம்" என்றார் சம்பத். "அப்பத் தடவுனப்பதான் பொட்டு இல்லன்னு தெரிஞ்சுது. எதத் திருப்புனேன், எவ்வளவு திருப்புனேன்னு தெரியல. ஸ்பீக்கரு ஊளையிட்டுருச்சு. ட்ரூப் ஓனரு வந்து வயர உருவிட்டாரு. 'குருடன கூட்டியாந்தா இப்பிடித்தான்'னாரு. பக்கத்துல மைக்கு ஆன்ல இருந்துச்சு. மண்டபமே கேட்டுச்சு."

பாஷா பாய் ஆம்பில் இணைத்துக் கொடுத்தார். சம்பத் வாசித்துக் கேட்டு, குமிழைத் திருப்பி, "இங்க வெய்யி" என்றார். நான் பசையைச் சொட்டினேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாப் பொட்டுகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. "இருக்கட்டும், கைக்குச் சீக்கிரம் ஆப்புடும்" என்றார்.

ஆனால் அதற்குள் அந்த ட்ரூப்பில் கிட்டாருக்குப் பதிலாகக் கீபோர்டிலேயே வாசிக்க ஓர் ஆளைப் போட்டுவிட்டார்கள். வைகாசி முகூர்த்தம் எல்லாம் முடிந்தது. ஒரு போன்கூட வரவில்லை என்றார் சரளா. இப்போது சரளாதான் மாம்பழக்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்.

3. இப்போது செய்வது

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். துடைக்கும் முன் போட்டோ எடுங்கள். வாசிக்கிறவரிடமே போன் போட்டுக் கேளுங்கள். பசை, ஸ்டிக்கர், கீறல், நெயில் பாலிஷ் புள்ளி, எதுவானாலும் அவர் எடுக்கச் சொன்ன பிறகே எடுங்கள். நான் இப்போது ஒரே பெடலுக்கு மூன்று முறை போன் செய்கிறேன். கஸ்டமர்கள் எரிச்சலாகிறார்கள். ரேணுகா அக்கா திட்டுகிறார். திட்டட்டும்.

சம்பத் அண்ணாவுக்கு அன்றைய சம்பளம் இரண்டாயிரம். ட்ரூப் ஓனர் தரவில்லை. நான் தருகிறேன் என்றேன். "அவரு குடுக்க வேண்டியத நீ ஏம்மா குடுக்கற?" என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் முந்நூறு வீதம் மூன்று மாதம் அனுப்பியிருக்கிறேன். மற்ற மேடைகளுக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு மேடைக்கு மட்டும் இன்னும் ஆயிரத்து நூறு ரூபாய் பாக்கி.