ரோஸி சாப்பிட மறுத்த அந்தப் பவுடர்

தவிடும் வெல்லமும் கலந்த ஒரு வாசனை… என் முதல் வேலையின் வாசனை அதுதான். துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

மாட்டுத் தீவனக் கம்பெனியில் சேல்ஸ் வேலை. மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களைத் தேடிப் போய், பால் கூட்டும் புரோட்டீன் பவுடரை விற்க வேண்டும்.

சாந்தோமில் ஒரு சந்துக்குள் ஸ்டெல்லா டீச்சர் வீடு. ரிட்டயர் ஆனவர். கொல்லையில் ஒரே ஒரு மாடு, ரோஸி. தாய் மாடு செத்துப்போனதால், டீச்சரே பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த கன்று அது.

நான் போனபோது ரோஸி கன்று போட்டு ஒரு மாதம். விலா எலும்பு தெரிந்தது. கறக்கிற பால் கன்றுக்கே போதவில்லை. வைக்கோலும் கழனித்தண்ணியும் மட்டும் தின்றால் மாடு வேறு எப்படி இருக்கும்?

டீச்சரின் கணவர் அந்தோணி சார் ரோஸியை விற்கத் தரகரிடம் பேசிவிட்டிருந்தார்.

"பவுடர் போட்டா பால் வருமாமா? இன்னாமா இது, பால் பவுடரா?"

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. ரோஸியின் கழுத்தைத் தடவியபடியே சொன்னார்.

"தவக்காலம் முடியட்டுங்க. ஈஸ்டருக்கு அப்புறம் நீங்க வித்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

முதல் நாள் ரோஸி முகர்ந்து பார்த்து ஒரு மூச்சு விட்டது. பவுடர் முழுக்க என் முகத்தில்! டீச்சர் சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டியே மிரண்டது.

பிறகு ஒரு கைப்பிடி மட்டும், தவிட்டோடு, துளி வெல்லம் சேர்த்து… டீச்சர் உள்ளங்கையில் வைத்து ஊட்டுவார். "சாப்பிடுடி, என் தங்கம்ல…" கடல் காத்து வரும். கோயில் மணி அடிக்கும். எனக்குப் போக வேண்டிய இடங்கள் நிறைய இருந்தும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

மெல்ல மெல்லத் தொட்டி காலியாக ஆரம்பித்தது. ரோஸியின் தோலில் ஒரு மினுமினுப்பு.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வந்த வெள்ளை வேட்டியோடு அந்தோணி சார் கறக்க உட்கார்ந்தார். வாளியில் பால் விழும் சத்தம் கனமாக மாறிக்கொண்டே போனது. நுரை விளிம்பைத் தொட்டது. கன்றுக்கு மடியில் இன்னும் மிச்சம் இருந்தது.

அவர் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தரகருக்குப் போன் போட்டார்.

"நைனா, நீ வராத. மாடு வூட்லயே இருக்கட்டும்."

டீச்சர் உள்ளே போய்விட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

ரோஸி அதன் பிறகு மூன்று கன்று போட்டு, வயதாகி, அந்தக் கொல்லையிலேயே கண்ணை மூடியது. வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள்; டீச்சரும் சாரும் அதிலேயே ஒரு ஃப்ளாட்டில்.

நான் இப்போது தரமணியில் ஏசி அறையில் உட்கார்ந்து, பார்த்தே இராத மாடுகளுக்குத் தீவன அளவு போடுகிறேன். பால் கூடியதா என்று மெயிலில் வரும். படித்துவிட்டு அடுத்ததைத் திறப்பேன்.

போன வாரம் டீச்சரிடம் போனில் பேசினேன். இப்போது பாக்கெட் பால்தானாம்.

"சார் எப்படி இருக்கார், டீச்சர்?"

"நல்லா இருக்காரும்மா. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, பால் கறக்கப் போற மாதிரி கையைக் கழுவிட்டு வந்துடறாரு. அப்புறம்தான் ஞாபகம் வருது போல… பால்கனில சும்மா உக்காந்துக்கினு இருக்காரு."