ஐந்நூறாவது சோதனை

நெளுக்குளத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து தாட்சாயினி மூன்று நாளாகப் பழைய சோதனைகளை இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்புகளைப் பொறுக்கியெடுத்துக் கையேடாக்கித் தரும் ஒரு மென்பொருள். பதினொரு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அதுதான். அதில் ஒரு பிழையைத் திருத்தினால், அது மறுபடி தலைகாட்டாமல் பார்க்க ஒரு சோதனை எழுதிவைப்பார்கள். ஒரு சின்ன மாதிரி நிரல், அதற்கு வரவேண்டிய பக்கம், அவ்வளவுதான். மென்பொருளில் யார் கைவைத்தாலும் எல்லாச் சோதனைகளும் ஓடும். பக்கம் மாறியிருந்தால் சிவப்பு விழும்.

அவை இப்போது ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டன. ஒரே கோப்புறையில், வந்த ஒழுங்கில், வெறும் இலக்கங்களாகக் கிடந்தன. ஒழுங்குபடுத்தச் சொல்லித் தலைமை அலுவலகம் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தது. விதியை எழுதியவள் தாட்சாயினிதான். ஒவ்வொரு சோதனையும் எந்தப் பிழைக்காகப் பிறந்தது என்று ஒரு வரி எழுதவேண்டும். எழுத முடியாதது நீக்கப்படும். எல்லாம் தனக்குத் தெரியும், ஒன்றும் நீங்காது என்று கூட்டத்தில் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

வரிகளை எழுத எழுதக் கிளிநொச்சி அறை திரும்பி வந்தது. கீழே தையல் மெசின் திருத்தும் கடை, மேலே அவர்கள் மூன்று பேர்: அவள், முல்லைத்தீவு றிபாஸ், கண்டாவளைச் சுமன். அறுபத்தோராவது சோதனை, அட்டவணையின் கடைசி வரி காணாமல் போனதற்கு. இருநூற்று நாற்பதாவது, தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் கேள்விக்குறிகளாக வந்ததற்கு. "பாவம், அதுக்கும் எங்கட கதை விளங்கேல்லை" என்று சுமன் சொன்னதும், கீழ்க்கடைக்காரர் ஏறிவந்து பார்க்கும் அளவுக்கு அவர்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் கை நின்றது. அதற்கும் அடுத்த இரண்டுக்கும் எந்தப் பிழையும் பதிவில் இல்லை. எழுதியவர் றிபாஸ், சரிபார்த்தவர் தாட்சாயினி என்று மட்டும் இருந்தது.

ஐந்நூறைத் தொட்ட நாளை அவள் மறக்கவில்லை. றிபாஸின் உம்மா சமைத்த புரியாணி புதுக்குடியிருப்பு வழியாக வரும் காலை பஸ்ஸில், கொண்டக்டரின் இருக்கைக்குப் பக்கத்தில், பெரிய சட்டியோடு வந்திறங்கியது. பேப்பர் விரித்து நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு நாளில் சுமன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். உழைத்துத் தொட்ட எண், உழைப்புக்கு வந்த விருந்து என்றுதான் அவள் அந்த நாளைப் பொத்தி வைத்திருந்தாள்.

இப்போது முல்லைத்தீவில் ஹாட்வெயார் கடை நடத்தும் றிபாஸுக்குப் போன் எடுத்தாள்.

"நானூற்றுத் தொண்ணூற்றெட்டிலயிருந்து மூண்டு சோதனை, றிபாஸ். என்ன பிழைக்கு எழுதினீர்?"

தகரம் இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"அக்கா, ஒன்பது வருசம் கழிச்சுப் பிடிச்சிட்டியளே!"

"சிரிக்காமச் சொல்லும்."

"புதன் பின்னேரம் தொண்ணூற்றேழில நிக்குது. ஐநூறுக்கு எங்கட வீட்டுச் சாப்பாடு எண்டு நான்தானே வாய் விட்டனான்? வெள்ளி எண்டால் நீங்கள் ரெண்டு பேரும் மச்சம் மாமிசம் தொடமாட்டியள், எனக்கும் ஜும்ஆத் தொழுகை. சனி சுமன் பிளேன் ஏறுறான். வியாழனை விட்டா வேற நாள் எங்க? உம்மா இறைச்சிக்கும் சொல்லிப்போட்டா."

"அதுக்குப் பொய்ச் சோதனை எழுதுவீரோ?"

"ஐநூறாவதைத் திறந்து பாருங்கோ. அதில உள்ள நிரல், எத்தனை பேர் எண்டு குடுத்தா எவ்வளவு அரிசி எண்டு சொல்லும். 'சரி' எண்டு போட்டது நீங்கள்தான்!"

திறந்தாள். அரிசிக் கணக்கேதான். அன்று பக்கத்தை மட்டும் ஒப்பிட்டாள், நிரலை வாசிக்கவில்லை.

"எதையாவது எழுதிவிடுங்கோ அக்கா. ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாப்பன்" என்றாள்.

போனை வைத்தாள். சாப்பிட்டது மெய், சுமனோடு இருந்தது மெய். அந்த நாளுக்கு அவள் சொல்லிக்கொண்ட காரணம் மட்டும் பிழை. ஒருவன் நண்பனுக்காகக் கள்ளம் செய்தான் என்பது நல்ல காரணம்தான். ஆனால் ஒரு நாள் பிடித்துப்போனது சோதனையொன்றை வைத்திருக்கக் காரணமாகாது.

மூன்றையும் நீக்கினாள். நீக்கியதற்கான குறிப்பில் எழுதினாள்: "எந்தப் பிழையையும் காக்கவில்லை. எண்ணை நிரப்ப எழுதப்பட்டவை. சரிபார்த்தவள் நான், வாசிக்காமல் ஒப்புக்கொண்டேன்." பிறகு மிச்சம் எல்லாவற்றையும் ஓடவிட்டாள். முழுவதும் பச்சை. எங்கேயாவது ஓர் இடைவெளி தெரியும் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தாள்.

அன்று பின்னேரமே தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி சொன்னார்கள். நீங்கள் சரிபார்த்த மற்றவற்றையும் இப்படித்தான் ஒப்புக்கொண்டீர்களா என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார்கள்.

கேள்வியில் பிழையில்லை. திங்கள் வரை தவணை கேட்டு எழுதிவிட்டு, முதலாவது சோதனையைத் திறந்து, இந்தமுறை நிரலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.