ஒன்பதாவது வரி: பாஸ்

போன சனிக்கிழமை மத்தியானம் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஞானவேல் போன் செய்தார்.

"அண்ணா, ஒரு வெப்சைட்டை நம்பலாமா வேண்டாமான்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும். நேர்ல வாங்க. போன்ல பேசற விஷயமில்லீங்க."

ஏன் நான்? ஆன்லைனில் கேமரா ஆர்டர் செய்து, கேமராவின் பை மட்டும் வந்து சேர்ந்த கதையை இதே பக்கத்தில் எழுதித் தொலைத்தேன் அல்லவா... ஏமாறுவதில் அனுபவஸ்தன் என்று நியூஜெர்சி முழுக்கப் பேராகிவிட்டது!

ஞானவேல் என்பது நிஜப் பெயர் இல்லை. எழுதச் சம்மதம் வாங்கிவிட்டேன். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம்; இங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. விவாகரத்தாகி மூன்று வருடம். மகள் அம்மாவோடு டெக்சாஸில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். இவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டிலிருந்து அவர் அபார்ட்மென்ட் முக்கால் மணி நேர டிரைவ். கடைசியாக எப்போது போனேன்? ஒரு கொலு சமயத்தில். எந்த வருடத்துக் கொலு என்று மட்டும் கேட்காதீர்கள்.

காபி கொடுத்தார். பிறகு ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். கிரீன் கார்டுக்கு அப்ளை செய்பவர்கள் தயார் செய்வார்களே, அந்தத் தடிமன். முதல் பக்கத்தைத் திறந்தேன். உடனே மூடினேன்.

பொம்மைக் கடை. குழந்தைகளுக்கானது இல்லை. ஆள் உயரத்தில், பெண் உருவத்தில், பெரியவர்கள் வாங்குவது... புரிந்தவர்கள் மேலே படியுங்கள். புரியாதவர்களுக்கு அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்பு இருக்கிறது.

"சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுருங்கண்ணா. அப்புறம் விஷயத்துக்கு வரலாம்."

சிரிப்பு வரவில்லை. 'என்ன ஞானவேல் இதெல்லாம்' என்று கேட்க வாயெடுத்தேன். டைனிங் டேபிளைச் சுற்றி நான்கு நாற்காலிகள். நான் வந்தபோது மூன்றின் மேல் ஜங்க் மெயில் குவிந்து கிடந்தது. அதில் ஒன்றைக் காலி செய்துதான் என்னை உட்கார வைத்திருந்தார். ஃபைலை மறுபடி திறந்தேன்.

தொழில் புத்தி எங்கே போகும்? கடையை நம்பலாமா என்று டெஸ்ட் கேஸ் எழுதி வைத்திருந்தார் மனிதர். கடைக்கு நிஜமான தெரு முகவரி உண்டா? பாஸ். கார்டு நம்பர் கேட்கும் பக்கத்தில் பூட்டுப் படம் வருகிறதா? பாஸ். பெட்டியின் மேல் எதுவும் எழுதாமல் அனுப்புவார்களா? பாஸ் — இது ரொம்ப முக்கியம், பார்சலை வாங்கி வைக்கிற அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸில் இருப்பது நம்மூர் ஆன்ட்டி! பிரித்த பிறகு திருப்பி எடுப்பார்களா? ஃபெயில்.

"அது நியாயந்தானுங்களே" என்றார், கடைக்குப் பரிந்துகொண்டு.

ஒன்பதாவது வரி: போன் செய்தால் மனிதர் எடுக்கிறாரா? பாஸ்.

அடுத்த வரியும் அதேதான். அதற்கடுத்ததும். பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் அதே கேள்வி. செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன்... பக்கத்திலேயே குறிப்புகள்.

'மூன்றாவது ரிங்கில் எடுத்தார். பாஸ்.'

'டெலிவரி பற்றி மறுபடி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பாஸ்.'

'அங்கே மழையாம். பாஸ்.'

'என் இருமலைக் கேட்டு, டாக்டரிடம் போகச் சொன்னார். பாஸ்.'

"ஒரே டெஸ்டை எதுக்கு ஞானவேல் இத்தனை தடவை?"

"ரிக்ரெஷன் டெஸ்டிங்ண்ணா. நேத்து வேலை செஞ்சது இன்னைக்கும் செய்யுதான்னு பாக்கோணுமில்லீங்களா?" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் ஒரு டெஸ்ட் செய்துவிடலாம் என்று அவர் வீட்டு போனிலிருந்தே அந்த நம்பரை அழுத்தினேன். மூன்றாவது ரிங். வயதான அமெரிக்கப் பெண்மணியின் குரல். நம்பரைப் பார்த்திருப்பார் போல, நான் வாயைத் திறப்பதற்குள், "இருமல் தேவலையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

தடுமாறிப்போய், "நான் அவருடைய அண்ணன்" என்றேன்.

"அண்ணனா! நல்லது, ரொம்ப நல்லது. இன்றைக்கு அவரோடு ஒரு ஆள் இருக்கிறார்" என்றார் அந்த அம்மாள்.

அவமானமாக இருந்தது. எங்கேயோ இருக்கும் ஒரு கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. போனை வைத்தேன்.

"நம்பலாமுங்களா?"

"தாராளமா நம்பலாம் ஞானவேல். ஆர்டர் பண்ணிடுங்க."

அவர் ஃபைலை மெதுவாக மூடினார். ரப்பர் பேண்டை மாட்டினார்.

"பண்ணிட்டா... அப்புறம் போன் பண்றதுக்கு என்னங்கண்ணா காரணம் சொல்றது?"

இன்னொரு காபி கேட்டேன். இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவருக்குப் போன் செய்தேன். காரணம் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.