மடிப்பு மேசையில் கிடைத்த பாதிப் பாட்டு

எங்கள் அண்ணி பாட்டு கட்டுகிறவர். வார்த்தையும் அவரே, மெட்டும் அவரே. அது சாயங்காலத்து வேலை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். நானும் அங்கேதான், அதே மேசையில், அதே விரிப்பின் மறுமுனையில். வீட்டில் ஒரே அடுப்பு, வேலையில் ஒரே விரிப்பு. அண்ணியும் நாத்தனாரும் இப்படி நாள் முழுக்க முகத்தோடு முகம் பார்த்தும் இன்னும் ஒரு குடுமிப்பிடிச் சண்டை கூட நடக்கவில்லையே என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம்.

எனக்குப் பாட்டு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் ஜன்னலைச் சாத்துகிற ஆள் நான். இப்படிப்பட்ட என்னிடம் வந்துதான், "உங்க அண்ணிக்கு இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டார்கள், பதில் சொல்லாமல் அனுப்புவது மரியாதையில்லை.

அண்ணியின் அப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு ரேடியோவைப் பிரித்து, ஊதி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, திருகுவார். உயிர் வந்து பாட ஆரம்பித்ததும் டக்கென்று அணைத்துவிடுவார். வேலை முடிந்துவிட்டது, அப்புறம் எதற்கு அடுத்தவன் பேட்டரியைத் தீர்ப்பது என்பது அவர் நியாயம். அதனால் அண்ணி சின்ன வயதில் கேட்டதெல்லாம் பாதிப் பாட்டுதான். நடுவில் அறுந்துபோன பாட்டின் மீதியை அவரே இட்டுக்கட்டிப் பாடிக்கொள்வாராம். பாட்டு கட்டப் படித்த பள்ளிக்கூடம் அதுதான். நான்கூட ஒருமுறை சொன்னேன், "நல்லவேளை, உங்க அப்பா டிவி ரிப்பேர் பண்ணல. நீங்க பாதி சினிமாவையெல்லாம் எடுத்து முடிச்சிருப்பீங்க."

அந்த வீட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லாண்டரியில் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. வேகம் எடுத்தால் நின்ற இடத்தில் நிற்காமல் தட்டிக்கொண்டே நகரும். எல்லோரும் அதைத் திட்டுவோம், அண்ணி தலையாட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு வாரத்தில் அது ஒரு பாட்டின் தாளமாகிவிட்டது. லிஃப்ட்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்லும் பெண் குரலை ஒரு தாலாட்டுக்கு எடுத்துக்கொண்டார். ஒருநாள் வீட்டில் மோட்டார் சத்தத்தில் தண்ணீர் லாரிக்காரனோடு நான் போட்ட சண்டை, மறுவாரம், விரிப்பு கொடுக்கப் போகையில் அண்ணி பாடிக் காட்டும் குழந்தைகள் வார்டில், பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. "வரேன்னு சொன்ன, வரலையே" என்று நான் தொண்டை கிழியக் கத்தியது அவருக்குப் பல்லவி. பிள்ளைகள் கை தட்டிப் பாடுகின்றன. நான் யாரிடம் போய் முறையிடுவது?

இவ்வளவு இருந்தும் அண்ணிக்குத் தன் பாட்டின் மேல் நம்பிக்கை கிடையாது. காரணம் அந்த ரேடியோக்கள்தான். எது காதில் விழுந்த பாதி, எது தான் முடித்த பாதி என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரி ஊழியர் விழாவில் ஒருமுறை, "நானே எழுதி மெட்டுப் போட்டது" என்று சொல்லி ஒரு பாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது வரியில், முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அவர் பாடியது ஏதோ பழைய பாட்டு; வார்த்தை வேறு, மெட்டு அச்சு அசல். பாவம், அவர் ரசித்துத்தான் பாடினார். மண்டபமே சிரித்தது. அண்ணி பாதியிலேயே மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பெரியவரின் வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து ஒரு சோதனை. புது மெட்டு எது வந்தாலும் முதலில் லாண்டரிப் பெண்களிடம் வார்த்தையில்லாமல் முனகிக் காட்டுவார். "கேட்ட மாதிரி இருக்கா?" என்பார். ஒருத்தி "ஆமா" என்றால் போதும், அந்த மெட்டு செத்தது. எத்தனை பாட்டு அப்படிப் போயிற்றோ. எங்கள் பெண்களுக்கோ எதைக் கேட்டாலும் எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கும்.

நடுவில், அண்ணன் இறந்த சமயத்தில், அண்ணி பாட்டை அடியோடு விட்டிருந்தார். அண்ணன் வேன் ஓட்டியவர். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. அப்போது வந்தவர் போனவர் எல்லோரும் அண்ணிக்கு ஏதேதோ ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சண்டை போடத் தெரிந்த வாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறை என் மனதில் ஒரு முள்ளாகவே கிடந்தது. அண்ணியிடம் அதைச் சொன்னதும் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல அவர் பாட்டுக்குத் திரும்பினார். போன மாதம் ஒரு பாடகி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணி முனகியபடி போனதைக் கேட்டுவிட்டு, பின்னாலேயே லாண்டரி வாசல் வரை வந்துவிட்டாள். மேடையில் மற்றவர்கள் பாட்டைப் பாடுகிற பெண், முதல்முறையாக யாரும் பாடாத புதுப் பாட்டுகளாகப் பதிவு செய்யப் போகிறாள், கடைசிப் பாட்டு இன்னும் அமையவில்லையாம்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். சனிக்கிழமை ஸ்டுடியோ. ஒரே ஒரு பாட்டு குடுங்க. ஆனா அது உங்களோடதா மட்டும் இருக்கணும். நாளைக்கு யாராவது வந்து எங்களுதுன்னு சொன்னா நான் தாங்க மாட்டேன்."

அண்ணிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வெளியே அவர் பாட்டை யாரும் கேட்டதில்லை. இப்படி ஒரு வாய்ப்பு இனி வாசல் தேடி வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் ஒரு மெட்டு இருந்தது. நாலைந்து மாதமாக மனதுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்த மெட்டு. "இது மட்டும் சத்தியமா ரேடியோவில் கேட்டதில்லை" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சோதனை. டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி முனகினார்.

மூன்றாம் நம்பர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை நாங்கள் 'மூணாம் நம்பர்' என்றே கூப்பிடுவோம். அவள் வாயில் சோற்றோடு, "அட, இது தெரியுமே!" என்றாள்.

"ரொம்பப் பழைய பாட்டாச்சே" என்றாள் இன்னொருத்தி.

மூணாம் நம்பர் அதோடு விட்டாளா? அண்ணி நிறுத்திய இடத்திலிருந்து அவளே எடுத்து ஒரு வரி முனகினாள். பிசகாமல் முனகினாள். விழா மண்டபம் மறுபடியும் என் கண் முன்னால் வந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். "உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் அது கேட்ட மாதிரியேதான் இருந்தது. பாட்டே பிடிக்காத எனக்கே தெரிந்திருக்கிறது என்றால் அது எவ்வளவு பழகிய பாட்டாக இருக்க வேண்டும்! "கேட்ட மாதிரிதான் இருக்கு அண்ணி" என்றேன்.

அண்ணி டப்பாவை மூடிவிட்டார். சாயங்காலம் அந்தப் பாடகிக்குப் போன் செய்தார். "என்கிட்ட பாட்டு இல்லம்மா. நீ வேற ஆளைப் பாரு." அவள் கெஞ்சியது எனக்கே கேட்டது. அண்ணி போனை வைத்துவிட்டு, நனைந்த துணியைக் காயப்போடுகிற மாதிரி நிதானமாக, "இனிமே இந்தப் பைத்தியக்காரத்தனம் வேண்டாம். வயசாச்சு" என்றார். அவர் பாடினால் ஜன்னலைச் சாத்துகிறவள்தான் நான். அதற்காக அவர் பாடாமலே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

எனக்கு ஒரு கெட்ட குணம், எதையும் லேசில் விடமாட்டேன். மறுநாள் மூணாம் நம்பரைப் பிடித்தேன்.

"அது என்ன பாட்டு? வார்த்தை சொல்லு."

"வார்த்தையா? அது… வாய்க்குள்ளயே இருக்கு, வரமாட்டேங்குது."

"சரி, நேத்து நீ முனகின வரிக்கு அப்புறம் எப்படிப் போகும்?"

முனகிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து வந்தாள், அங்கேயே நின்றாள். இன்னொருத்தியைக் கேட்டேன். அவளும் அதே இடத்தில் நின்றாள். இதென்ன கூத்து? எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஒருத்திக்கும் வார்த்தை தெரியாது, ஒருத்திக்கும் பாதிக்கு மேல் தெரியாது.

நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கையில் பாய்லர் அறையிலிருந்து அதே மெட்டு சீட்டியாக வந்தது. எங்கள் மேசைக்கும் பாய்லருக்கும் நடுவில் அரைச்சுவர்தான். நீராவி வால்வைப் பார்த்துக்கொள்கிற மாமா, முன்பல் போன இடைவெளி வழியாக ஊதிக்கொண்டிருந்தார். அவர் சீட்டியும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டது.

"மாமா, அது என்ன பாட்டு?"

"எது? இதுவா? உங்க பாட்டுதான்."

"எங்க பாட்டா?"

"மடிப்பு மேசைப் பாட்டும்மா. உங்க பொண்ணுங்க எல்லாம் விரிப்பு மடிக்கறப்ப மூக்காலயே முனகுவாங்களே. தினம் கேட்டு எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"யார் ஆரம்பிச்சது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னம்மா விளையாடறியா? நீதான். உங்க அண்ணன் போனப்ப. விரிப்பு தேய்க்கற இஸ்திரி உருளை மெஷின் கெட்டுக்கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அது போடற இரைச்சல் இல்லாம நிசப்தமாத்தானே மடிச்சீங்க. உங்க அண்ணி அந்தப் பக்கம் பொம்மை மாதிரி நிப்பாங்க. நீ இந்தப் பக்கம் நின்னு ம்… ம்ம்…னு இழுத்துக்கிட்டே இருப்ப. அதைப் பார்த்து மத்தவங்களும் பிடிச்சிக்கிட்டாங்க. நான்கூட நெனச்சேன், இந்தப் பொண்ணுக்கு வாய்தான் நீளம்னு பார்த்தா பாடவும் செய்யுதேன்னு."

நான் பாடினேனா? எனக்குத் துளிகூட நினைவில்லை. அந்த நாட்களில் அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடியவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. எதிரே அண்ணி, நடுவில் வெள்ளை விரிப்பு, சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

அண்ணி மேசையருகே ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். "அண்ணி, ஒண்ணும் கேக்காதீங்க. எப்பவும் போல மடிங்க."

உதறினோம். விறைப்பாக இழுத்தோம். நீளவாட்டில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு நான் அவரை நோக்கி நடந்தேன். நடக்கும்போது அடக்காமல் விட்டேன். வந்துவிட்டது, மூக்கு வழியாக, அழகில்லாமல், ஆனால் அதே மெட்டு. உதறலுக்கு ஒரு ம், இழுப்புக்கு ஒரு நீளமான ம்ம், நடைக்குச் சின்னச் சின்னதாக நாலு. என் முனையை அவர் கையில் கொடுத்ததும் நின்றுவிட்டது. கைமாறியதும் என் வேலை முடிந்தது, மீதியை மடிப்பது அவர். எல்லோரும் ஏன் அங்கேயே நின்றார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணி மீதியை மடிக்காமல் விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இது பழைய பாட்டு இல்ல அண்ணி. இங்க ஆறு வருஷமா முனகறாங்க. நான்தான் ஆரம்பிச்சேனாம், பாய்லர் மாமா சொல்றாரு. இவ்வளவுதான் என்னோடது. இதுக்கு மேல ஒருத்திக்கும் தெரியல. மீதி முழுக்க உங்களோடது."

"அப்ப நான் உன்கிட்டேருந்துதான் திருடியிருக்கேனா?"

"திருடறதுக்கு உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் உதடு கோணிக்கொண்டு கண்ணில் நீர் முட்டியது. விரிப்பாலேயே துடைத்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் துவைத்த விரிப்பைக் கெடுத்ததற்கு ஒரு பிடி பிடித்திருப்பேன்.

"அந்த மாசம் எத்தனை பேர் வந்து என்கிட்ட என்னென்னவோ சொன்னாங்க" என்றார். "ஒண்ணுகூட என் காதுல ஏறல. இது ஏறியிருக்கு பாரேன்."

எனக்கும் கண் மறைத்தது. ஆறு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, வழக்கம்போல வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அண்ணி அங்கேயே, விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாடகிக்குப் போன் செய்தார்.

"பாட்டு இருக்கும்மா. சனிக்கிழமை வரேன். …ஆமா, இங்கேயே பொறந்தது, வேற யாருதும் இல்ல. ஆனா முழுசா என்னோடதும் இல்ல. முதல் பாதி என் நாத்தனாரோடது, மறுபாதி என்னோடது. ரெண்டு பேரையும் சொல்லணும். …இல்ல, அவளுக்குப் பாட்டே பிடிக்காது."

போனை வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்து, ஒரு முனையை என் பக்கம் வீசினார்.

"பிடி, தரையில படுது."

பிடித்தேன்.