பை லிஃப்டில், ஆள் படியில்

ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஆள் இருக்கமாட்டார். சாம்பல் நிற ரெக்ஸின் பை ஒன்று மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஸ்பேனர், டெஸ்டர், கிரீஸ் டப்பா, சாப்பாட்டு டப்பா எல்லாம் அதற்குள்தான். கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டுப் பக்கமிருந்து மூச்சிரைப்பு கேட்கும். பின்னாலேயே பையின் சொந்தக்காரர் வந்து சேருவார். அதற்குள் யாராவது கீழே பொத்தானை அழுத்திவிட்டால் பை மறுபடி கீழே போய்விடும். இவரும் மறுபடி படியிறங்குவார்.

எங்கள் குடியிருப்புக்கு மாதம் ஒருமுறை வரும் லிஃப்ட் மெக்கானிக் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் பைக்காரர். “கூடவே ஏறி வரக்கூடாதா அண்ணே?” என்று கேட்டால், “வெளியில நின்னு கேட்டாத்தான் மேடம் சத்தத்துல வித்தியாசம் தெரியும். உள்ள நின்னா எல்லாம் ஒரே இரைச்சல்” என்பார். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? ஒன்பது வருஷம் நம்பினோம். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் கொஞ்சம் பெருமையாகவே நம்பினேன்.

லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு இருட்டுக் குழிக்குள் வேலை செய்யும்போது அவர் பாட்டு முணுமுணுப்பார். நாங்கள் அதை எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம். வலது உள்ளங்கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கும். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் வெளியிலிருந்து கதவைத் திறக்கிற, முக்கோண வாய் வைத்த சாவி. டீ குடிக்கும்போது அது இடக்கைக்கு மாறும். கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒருநாள் காலை. இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு நான் லிஃப்டில் ஏறினேன். அவர் தன் பையை உள்ளே வைத்துவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார். என் வாய் சும்மா இருக்குமா? “நீங்க சரி பண்ண லிஃப்டை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படிண்ணே நம்பறது?” என்று சிரித்துக்கொண்டே அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “மேடம்... நெஞ்சு... தொறங்க” என்றார். அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சாவியால் மூடிய கதவைக் கீறத் தொடங்கினார். அந்தச் சாவிக்கான துளை வெளிப்பக்கம்தான் இருக்கிறது. உள்ளே கிடையவே கிடையாது. அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் துளையே இல்லாத தகட்டில் துளையைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் மாடியில் கதவு திறந்ததும் தரையில் சரிந்தார். நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. ஓடிவந்த அவர் மனைவி கையில் தடிமனான ஒரு ஃபைல். அந்த வருஷத்தில் இது நாலாவது இசிஜியாம். “எடுக்காத ஸ்கேன் இல்லக்கா. எல்லாத்துலயும் நார்மல்னுதான் வருது. மனுஷன் மட்டும் நார்மலா இல்ல” என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மூடிய லிஃப்டுக்குள் தனியாக இருந்தபோது முதல்முறை இப்படி வந்ததாம். அன்றிலிருந்து மூடிய லிஃப்டில் அவர் ஏறியதே இல்லை. “மேல நின்னா அது என் கைக்குள்ள இருக்கு மேடம். உள்ள நின்னா நான் அது கைக்குள்ள” என்றார், கட்டிலில் படுத்தபடி. அப்படியானால் மாதாமாதம் பதிவேட்டில் ‘உள்ளே ஏறிச் சோதித்தேன்’ என்று போட்ட கையெழுத்து? எனக்குப் பகீரென்றது. எங்கள் பிள்ளைகுட்டிகள் ஏறி இறங்கும் லிஃப்ட்! கோபம் தலைக்கேறியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ஒன்பது வருஷம் ஒரு மனிதர் கண்ணெதிரே பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள் பையைக் காட்டிக் கேலி பேசியிருக்கிறோம்.

கம்பெனியிடம் அவரே போய் உண்மையைச் சொன்னார். மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள். அதற்குள் தனியாக ஏறிச் சோதிக்கவேண்டும், இல்லாவிட்டால் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். “இருபத்திரண்டு வருஷமா ஸ்பேனர் பிடிச்ச கை மேடம். உக்காந்து ஸ்க்ரூ பிரிச்சுப் போடணுமாம்.”

மனநல மருத்துவரிடம் போவதற்கு முதலில் முரண்டு பிடித்தார். மனைவி விடவில்லை. மருத்துவர் அம்மாள் எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும் என்றாராம். மாத்திரையோடு பயிற்சியும் உண்டு. பயத்தைப் பத்துப் படிகளாக எழுதச் சொன்னார். முதல் படி, திறந்த லிஃப்டுக்குள் நிற்பது. பத்தாவது, கதவு மூடித் தனியாக ஏழு மாடி. ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை அங்கேயே நிற்கவேண்டும், ஓடக்கூடாது. கிளம்பும்போது, “கையில என்ன?” என்று கேட்டாராம். சாவியைக் காட்டியிருக்கிறார். “இது இருக்கற வரைக்கும், சாவிதான் காப்பாத்துச்சுன்னு உங்க மனசு சொல்லிக்கிட்டே இருக்கும். கடைசிப் படிக்கு இது வேண்டாம்.”

முதல் படிக்கு நான் துணை நின்றேன். இழுத்துவிட்ட பாவத்துக்கு அதையாவது செய்யவேண்டாமா? திறந்த கதவுக்குள் இருபத்தைந்து நிமிடம் நின்றார். “என்ன பைக்காரரே, காவல் வேலையா?” என்று கேட்ட நாலாம் மாடிக்காரரை முறைத்தே அனுப்பினேன். நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று நான் கேட்பேன், அவர் சொல்வார். எண்பது. எண்பத்தைந்து. எழுபது. நாற்பது. திடீரென்று கண்கள் விரிந்தன. “தானா எறங்குது மேடம்! நான் ஒண்ணுமே பண்ணல, தானா எறங்குது!” பதினோரு வருஷமும் பயம் உச்சத்தில் இருக்கும்போதே ஓடிவிட்டவர், அது இறங்கும் என்பதை அன்றுதான் பார்த்தார். பேயறைந்தவர் போல நின்றார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கத்தான் செய்தது. ஆறாம் படியில் லிஃப்ட் லேசாகக் குலுங்க, மூன்றாம் மாடியில் இறங்கி ஓடியவர் இரண்டு வாரம் கண்ணிலேயே படவில்லை. அப்புறம் ஒருநாள் பையும் அவருமாக வந்து, “மறுபடி அஞ்சுலேருந்து பிடிக்கச் சொல்லிட்டாங்க” என்றார். பிடித்தார்.

கெடு முடிய நாலு நாள் இருந்தது. காலை பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பைக்காரர்தான். ஏழு மாடியும் படியேறி வந்திருந்தார், வியர்க்க விறுவிறுக்க. உள்ளங்கையைத் திறந்தார். சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்; அது இருந்த இடத்தில் அதன் வடிவம் சிவப்பாகப் பதிந்திருந்தது. “இதை வச்சுக்குங்க மேடம். நான் கீழ போய் வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

லிஃப்ட் கதவின் எதிரே நின்றேன். ஒன்று. இரண்டு. மூன்றில் எண் வெகுநேரம் நிற்பது போலிருந்தது. சாவியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது கை வலித்தபோதுதான் தெரிந்தது. நாலு. ஐந்து. ஆறு.

கதவு திறந்தது. உள்ளே பை இல்லை. அவர் இருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. நான் அவசரமாகச் சாவியை நீட்டினேன்.

அதைப் பார்த்தார். வாங்கவில்லை. தரைத்தளப் பொத்தானை அழுத்தினார்.