எம்-சாண்ட் பாலைவனம்

சென்னகிருஷ்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் பாதி தண்ணீர் லாரியில் போய்விட்டது. மத்திகிரியில் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளில் அவருக்குக் கிடைக்கும் வரவேற்பு எந்த அரசியல்வாதிக்கும் கிடைக்காது. அவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். இவர் நாலு நாளைக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் தமிழ், தெலுங்கு, கன்னடம், போதாததற்கு இந்தி என்று நான்கு மொழியிலும் திட்டு விழும். நான்குக்கும் அந்தந்த மொழியிலேயே பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனு எழுதினார். கெலமங்கலம் சாலை முக்கில் போர் நினைவுச்சின்னம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். முதல் உலகப் போரில், மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பாலைவனத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றை எதிரி சுற்றி வளைத்துக்கொண்டான். உள்ளே மாட்டிக்கொண்டு ஐந்து மாதம் பட்டினியோடு தாக்குப்பிடித்த படையில் இந்தப் பக்கத்து சிப்பாய்கள் ஒன்பது பேர் இருந்தார்களாம். நூறு வருஷமாக யாருக்கும் ஞாபகம் வராத ஒன்பது பேர். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று மார்ச் மாதத்துக்குள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவழித்தே தீரவேண்டும் என்று ஆனதும் அவர்கள்மேல் எல்லாருக்கும் பாசம் பொங்கிவிட்டது.

சென்னகிருஷ்ணனின் கொள்ளுத்தாத்தா முனிவெங்கடப்பனும் அதே முற்றுகையில் இருந்தவர். படைக்குத் தண்ணீர் சுமப்பது அவர் வேலை. ஆறு பக்கத்திலேயே ஓடியது. அக்கரையில் எதிரி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோல்பையை முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து போய், தினமும் மொண்டு வர வேண்டும். ஐந்து மாதமும் மொண்டு வந்தார். கடைசியில் படை சரணடைந்தது. கைதிகளைப் பாலைவனத்தில் நடத்தியே கூட்டிப்போனார்கள், அந்த நடையில் விழுந்த முனிவெங்கடப்பன் எழவில்லை. ஊருக்குத் திரும்பிய சிப்பாய் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்ன சேதி இது. பிறகு ஒரு வெண்கலப் பதக்கம் வந்தது. அதைச் சாமி படங்களோடு வைத்து வருஷம் ஒருநாள் கும்பிடுகிறார்கள். பொங்கல், கறி எதுவும் கிடையாது. ஒரு சொம்பு தண்ணீர்தான் படையல்.

முனிவெங்கடப்பனுக்குச் சமாதி இல்லை. அவர் பேர் எழுதிய கல் என்று உலகத்தில் எங்கும் ஒன்று இல்லை. ஒன்பது பேரோடு பத்தாவதாக அந்தப் பேரையும் பொறிக்க வேண்டும், அவ்வளவுதான் மனு.

நினைவுச்சின்னக் கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற சுபேதார் ராமப்பன். இருபத்தெட்டு வருஷம் ராணுவ ஸ்டோரில் நாட்டுக்காகக் கம்பளிகளை எண்ணிக்கொடுத்த வீரர். சென்னகிருஷ்ணன் மனுவோடு நீட்டிய பதக்கத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சிப்பாயிங்களுக்கு வெள்ளி, கூலியாளுங்களுக்கு வெண்கலம். அன்னைக்கே பிரிச்சு வெச்சுட்டாங்கப்பா. இது சண்ட போட்டவங்களுக்கு வெக்கற கல்லு. தண்ணி தூக்கனவன் பேரப் போட்டா, நாளைக்கு சமைச்சவன், கழுத மேய்ச்சவன்னு எல்லாம் வந்து நிப்பாங்க."

ஐந்து மாதம் அந்தப் படை எதைக் குடித்து உயிரோடு இருந்தது என்று கேட்கச் சென்னகிருஷ்ணனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் சுபேதார் மனுவைப் பிரிக்காமலே டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். அன்று வீட்டில் மனைவி பூங்கொடி களி போட்டு வைத்தும் அவர் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

வேலை தொடங்கியதும் தண்ணீருக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? அவரைத்தான். தொழிற்சாலையின் ஹெச்.ஆர். ராஜேஷ்குமார், மதுரைப் பக்கத்துக்காரர், போனில் கெஞ்சினார். கலவைக்குத் தண்ணீர், கான்கிரீட் நனைக்கத் தண்ணீர் என்று லாரி லாரியாகப் போயிற்று. இந்தத் தண்ணீருக்கு மட்டும் சென்னகிருஷ்ணன் காசு வாங்கவில்லை. அந்த ஒன்பது பேரும் தாத்தா மொண்டு வந்ததைக் குடித்தவர்கள், இதுவும் அதோடு போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகுதான் வேடிக்கை. நினைவுச்சின்னத்தில் நிற்கும் சிப்பாய் சிலையின் காலடியில் பாலைவனம் வேண்டும் என்று பெங்களூர் டிசைனர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மணலுக்கு எங்கே போவது? இரண்டு லோடு எம்-சாண்ட் கொட்டினார்கள். கருங்கல்லை உடைத்து அரைத்த சாம்பல் நிறப் பாலைவனம். காற்றடித்தபோது அது எழுந்து ரோட்டைத் தாண்டி எதிர் பேக்கரியின் பஃப்ஸ் மேல் போய் உட்கார்ந்தது. பேக்கரிக்காரர் சண்டைக்கு வந்தார். காலையும் மாலையும் பாலைவனத்துக்குத் தண்ணீர் தெளிப்பதென்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது. தினம் இரண்டு வேளை குளிக்கும் பாலைவனம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான். மத்திகிரி லைன் வீடுகளில் குடங்கள் வரிசையில் காத்திருந்தன.

கருப்பு கிரானைட் கல்லும் வந்து சேர்ந்தது. வீரர்கள் ஒன்பது பேருக்கு ஒரு விரல் உயர எழுத்து. கீழே உபயதாரர்களுக்கு இரண்டு விரல். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் உபயம் எழுதுகிற ஊரில் ஒன்பது சிப்பாய்கள் மட்டும் எப்படித் தப்ப முடியும்? சிமென்ட் உபயம், கம்பி உபயம், பெயின்ட் உபயம், மைக்செட் உபயம் என்று பட்டியல் நீண்டது. ராஜேஷ்குமார் போன் செய்தார்.

"அண்ணே, தண்ணிக்கு நீங்க பில்லே கொடுக்கல. உபயம்னு போட்டுருவோம். யார் பேரு போடணும்?"

சென்னகிருஷ்ணன் லாரியை ஓரம் கட்டினார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார். லாரி முதலாளியின் பேராக்கும் என்று ராஜேஷ்குமார் எழுதிக்கொண்டார். மனுவைத்தான் யாரும் படிக்கவில்லையே.

திறப்பு விழாவில் வீரர்களின் பேரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்கள். உபயதாரர்களைத்தான் நின்று நிதானமாக, ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சிமென்ட் ஏறி இறங்கியது. கம்பி ஏறி இறங்கியது.

"தண்ணீர் உபயம், உயர்திரு முனிவெங்கடப்பன் அவர்கள் மேடைக்கு வரவும்."

யாரும் எழவில்லை. ராஜேஷ்குமார் மறுபடி அழைத்தார். ஓரமாக நின்றிருந்த பூங்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போங்க என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மூன்றாவது அழைப்புக்குச் சென்னகிருஷ்ணன் மேடையேறினார். சுபேதார் ராமப்பன் அப்போதுதான் கல்லின் அடிவரியைப் படித்தார். முகம் எம்-சாண்ட் நிறத்துக்குப் போனது. பொறித்தது கிரானைட்டில், அழிக்கவும் வழியில்லை.

"முனிவெங்கடப்பன் வரலையாண்ணே?" என்றார் ராஜேஷ்குமார், மைக்கை அணைக்காமலே.

"இல்ல சார். படைக்குத் தண்ணி மொண்டு குடுக்கப் போனவுரு. நூறு வருசத்துக்கு மேல ஆவுது, இன்னும் வூட்டுக்கு வரல. அவுருக்கு பதிலா நான் வாங்கிக்கறன்."

மைக்செட் உபயதாரர் நல்ல மைக்காகத்தான் கொடுத்திருந்தார். பேக்கரி வாசல்வரை கேட்டது.

பொன்னாடை போர்த்துவது கமிட்டித் தலைவரின் வேலை. சுபேதார் எழுந்து வந்து போர்த்தினார். பிறகு, என்ன நினைத்தாரோ, கைகூப்பினார்.

சென்னகிருஷ்ணன் இறங்கி வந்து, லாரிக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, கல்லின் அடிவரிக்கு முன்னால் வைத்தார். அன்று சாயங்காலம் பாலைவனத்துக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. லாரி நேராக மத்திகிரிக்குப் போனது.